மூன்று இழுப்புக்குப் பிறகு ஒன்று

நான் வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனாலும் பழங்காநத்தத்து இன்டர்நெட் ஆபீசிலிருந்து வாரத்துக்கு ஒரு போனாவது வந்துவிடும். எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தில் எந்த லைன் போகிறது என்பது பாதி என் தலைக்குள்தான் இருக்கிறது. போன மாதம் வந்த போன் மட்டும் வேறு மாதிரி.

"தவசியண்ணே, ஒரு வீட்டுல கீழேர்ந்து மாடி ரூமுக்குப் போற பைப்புக்குள்ள பழைய நைலான் கயிறு ஒண்ணு கிடக்கு. அதை உருவிட்டு ஃபைபர் விடலாம்னு பாத்தா வீட்டம்மா தொடக்கூடாதுங்கறாங்க. உங்களக் கேட்டுட்டுத்தான் செய்யணுமாம். ஒரு கயித்துல அப்படி என்னண்ணே இருக்கு?"

போனில் சொல்கிற சமாசாரம் இல்லையப்பா, எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது. ஆபீசில் எல்லாரும் படிக்கலாம்.

வீட்டு இன்டர்நெட்டை மாடி ரூமுக்கு ஏற்றுவது பார்க்கிறதுக்குச் சின்ன வேலை. செய்கிறவனுக்குத்தான் தெரியும். கீழே பெட்டியில் பச்சை லைட் எரியும், பத்தாவது படி ஏறினால் போனில் கோடு ஒவ்வொன்றாகக் குறையும், கதவைச் சாத்தினால் சுத்தமாகப் போய்விடும். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் கான்கிரீட், கம்பி என்று விளக்கிக்கொண்டிருப்பேன். சோழவந்தானில் ஒரு கொடிக்கால்காரர் அதை ஒரே வரியில் முடித்துவிட்டார். "சிக்னலும் வெத்தலைக் கொடியும் ஒண்ணுதாண்ணே. பிடிச்சு ஏற ஒரு கொம்பு வேணும். இல்லாட்டி தரையிலேயே கிடக்கும்." அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அதையே சொல்ல ஆரம்பித்தேன். அந்தக் கொம்புதான் நாம் சுவருக்குள் விடுகிற கேபிள்.

நான் இந்தத் தொழிலை எங்கும் படிக்கவில்லை. திருமங்கலத்துக்கு மேற்கே மானாவாரி நிலம், எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மழை பொய்த்த ஒரு வருஷம் டெலிபோன் லைன் காண்ட்ராக்டில் குழி தோண்டப் போனேன். குழியிலிருந்து ஏணி, ஏணியிலிருந்து வயர், அப்புறம் கேபிள் டிவி, அப்புறம் இன்டர்நெட். முப்பத்தைந்து வருஷத்தை இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. "கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆச்சு" என்று சொல்வார்கள். நான் கட்டெறும்பாகத் தொடங்கி ஒரு மாதிரி கழுதை அளவுக்கு வந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் சுப்புராமன் அண்ணனைப் பற்றி நீட்டித்தான் ஆகவேண்டும்.

அவர் அந்தக் காண்ட்ராக்டில் சூப்பர்வைசர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பம். அவர் அப்பா காலத்தோடு வீட்டில் தறி நின்றுவிட்டது, ஆனால் நூலைப் பிடிக்கிற விரல் அவருக்கு நிற்கவில்லை. சுவரைக் கொத்துகிற அன்றைக்கும் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பித்தான் வரை மாட்டி வருவார். கழற்றின ஸ்குரூவை நாங்கள் வாயில் கவ்விக்கொள்வோம். அவர் காகிதத்தை நாலாக மடித்து அதன்மேல் வரிசையாக வைப்பார். வயரை அளக்கும்போது வாய்க்குள் வீட்டுப் பாஷையில் எண்ணுவார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வேலை பிசகினால் பக்கத்தில் வந்து நின்று, "கையில என்ன இருக்குன்னு பாக்காத. அந்தப் பக்கம் யாரு இருக்கான்னு பாரு," என்பார். திட்டு அவ்வளவுதான். ராத்திரி தூங்க முடியாது.

அந்தப் பக்கம் என்று அவர் சொன்னது பைப்பின் மறுமுனையை. சுவருக்குள் புதைத்த பைப்பில் வயர் விட இரண்டு பேர் வேண்டும். கீழே இருக்கிறவன் வளைந்து கொடுக்கிற இழுவைக் கம்பியை மேலே தள்ளுவான். மேலே இருக்கிறவன் அதன் கொக்கியில் வயரைக் கட்டிவிடுவான். கீழே இருக்கிறவன் இழுத்தால் வயர் இறங்கி வரும். நடுவில் இரண்டு சுவர், ஒரு தளம். கத்தினால் கேட்காது, அப்போது கையில் போனும் கிடையாது. அதனால் கம்பியாலேயே பேசுவோம். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் தள்ளு. மூன்று என்றால் கட்டியாகிவிட்டது, இழு.

திருமங்கலத்தில் ஒரு லாட்ஜ் கட்டிடம். மேலே அவர், கீழே நான். மூன்று இழுப்பு வந்தது. சாப்பாட்டு நேரம், எனக்கு அவசரம், ஒரே இழுவையாக இழுத்துவிட்டேன். முடிச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் விரலைக் கொக்கிக்குள் விட்டிருக்கிறார். இடது கை மோதிர விரலில் நகத்தோடு ஒரு கணு போய்விட்டது.

பத்து நாள் கழித்துக் கட்டோடு வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பித்தான். எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். "இனிமே மூணுக்கப்புறம் ஒண்ணு. மெதுவா வரும். கையெடுத்தாச்சுன்னு அர்த்தம். அது வராம எவனும் இழுக்கக் கூடாது." யார் இழுத்தது என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அந்த நாலாவது மெல்லிய இழுப்பு எங்கள் கோஷ்டியில் மட்டும்தான் உண்டு. மதுரையில் வேறு எந்த வயர்மேனிடமும் நான் அதைப் பார்த்ததில்லை.

காண்ட்ராக்ட் கலைந்தது. ஆளுக்கொரு பக்கம் போனோம். பல வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பழைய ஆள் ஒருவன், "சுப்புராமன் போய்ச் சேந்துட்டாருல்ல, தெரியாதா?" என்றான். எப்போது, எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏன் துட்டிக்கு வரவில்லை என்ற கேள்வி என் பக்கம் திரும்பும். சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இனிமேல்தான் அந்த வீடு.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்பு. பழங்காநத்தத்தில் குறுகலான சந்து, ஒடுங்கி உயர்ந்த வீடு. மாடி ரூமுக்கு நெட் வேண்டும் என்று போன் வந்தது. என் வேலை ஜோடி அன்றைக்கு லீவு. தனியாகத்தான் போனேன். பகல் பதினொரு மணி இருக்கும், வெளியே வெயில் கொளுத்துகிறது. வீட்டுக்காரர் முரளி என்று ஒருத்தர், நாற்பது வயசிருக்கும், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றாமலே பேசினார்.

"மாடி ரூம் பூட்டிருக்குண்ணே. சாவி வொய்ஃப்கிட்ட இருக்கு, ஒரு மணிக்கு வருவாங்க. அதுக்குள்ள கீழ வேலைய முடிச்சிருங்க."

"மேல யாரு சார் இருக்கா?"

"யாருமில்ல. பழைய சாமான்."

"அப்புறம் எதுக்கு சார் நெட்டு?"

"கேமரா வைக்கணும்."

"பழைய சாமானுக்கா?"

ஒரு நொடி யோசித்தார். "எலித் தொல்லை," என்றார்.

எலிக்குக் கேமரா வைக்கிற வீட்டை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நமக்கென்ன என்று மாடிப்படிப் பக்கம் போனேன். ஆளில்லாத மாடிக்குப் போகிற படி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், நடுவிலும் தூசி இருக்கும். இங்கே ஓரத்தில் தூசி, நடுவில் பளபளப்பு. நிமிர்ந்து பார்த்தேன். மேலே கதவில் தொங்குகிற பூட்டு, கை பட்டுப் பட்டு வெள்ளி மாதிரி மின்னியது. கதவடியில் ஒரு சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது.

படிக்குப் பக்கத்துச் சுவரில் பழைய டெலிபோன் பைப்பின் வாய் இருந்தது. முக்கால் இஞ்சு. மேலே அந்த ரூமுக்குத்தான் போகும். சரி, கம்பியை மேலே வரைக்கும் தள்ளி வைத்துவிடுவோம், சாவி வந்ததும் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளினேன். இருபது அடி போனது. மேல் வாயை ஒட்டின வளைவில் முட்டிக்கொண்டு நின்றது.

அப்போது கம்பி என் கையில் அசைந்தது. இரண்டு தடவை.

கம்பிக்கு முறுக்கு இருக்கும், முட்டினால் துள்ளும். அப்படித்தான் நினைத்தேன். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். மறுபடியும் இரண்டு. ஒன்று, சின்ன இடைவெளி, இன்னொன்று.

இரண்டு என்றால் தள்ளு.

தள்ளினேன். என் கை என்னைக் கேட்காமலே தள்ளியது என்றுதான் சொல்ல வேண்டும். மேலே யாரோ வளைவில் கம்பியை வாங்கி நேராக்கிவிட்டது போல வழுக்கிக்கொண்டு ஏறியது. அப்புறம் ஒரு இழுப்பு. நிறுத்தினேன். பைப்பு வாயில் காதை வைத்தேன். உள்ளேயிருந்து காற்று மாதிரி ஒரு முணுமுணுப்பு. எண்ணிக்கை. தமிழில் இல்லை.

"சார்," என்றேன்.  "மேல யாருமில்லைன்னு சொன்னீங்களே."

அடுத்த ரூமிலிருந்து, "ஆமாண்ணே, யாருமில்ல," என்றார் முரளி.

அந்த நேரத்தில் மூன்று இழுப்பு வந்தது. அழுத்தமாக, அளந்து விட்ட மாதிரி.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார்கள். எனக்கு எதிரே ஜன்னல் வெயில் தரையில் கட்டம் கட்டி விழுந்திருந்தது. இருட்டே இல்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இழுக்கவில்லை. அந்த நாலாவது வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வராவிட்டால் அது எவனோ ஒரு ஆள். வந்துவிட்டால், செத்துப்போனதாக நான் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்த ஒரு மனுஷன்.

வந்தது. ஒன்றே ஒன்று, மெதுவாக, பூ உதிர்கிற மாதிரி.

இழுத்தேன். வேறென்ன செய்ய. கம்பி முழுதும் இறங்கி, அதன் கொக்கியில் கட்டிய துணி வந்தது. வெள்ளை வேட்டியை நீளநீளமாகக் கிழித்து முறுக்கிய கயிறு, ஓரத்தில் அரக்குக் கரை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பத்தடி, இருபதடி, காலடியில் குவிகிறது, இன்னும் வருகிறது. கொக்கியில் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தேன், அண்ணன் போடுகிற அதே முடிச்சு. இரண்டு சுற்று, திருப்பி ஒரு சுருக்கு, நுனி எலிவால் மாதிரி சிறுத்து, அதன்மேல் டேப்புக்குப் பதிலாகக் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி.

முரளி வாசலில் வந்து நின்றார். கயிற்றைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"சார், மேல இருக்கிறவரு பேரு சுப்புராமனா?"

அவர் போனை எடுத்து, "ஹேமா, உடனே வா," என்று மட்டும் சொன்னார்.

அந்தம்மா கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். தரையில் கிடந்த துணிக் கயிற்றைப் பார்த்ததும் சாவிக்கொத்து கையிலிருந்து விழுந்தது. "ஐயோ, திரும்பவும் திரிச்சிட்டாரா. என்ன பண்ணிக்கிட்டாரு?" என்று அதைப் பொறுக்கிக்கொண்டு படியில் ஓடினார். அவசரத்தில் பூட்டில் சாவி ஏறவில்லை.

"உசுரோடதாம்மா இருக்காரு. இப்பத்தான் பேசினாரு."

"பேசினாரா? எட்டு மாசமா எங்ககிட்ட ஒரு வார்த்தை இல்லயே."

"கையால பேசினாரும்மா."

கதவு திறந்தது. தரையில், பைப்பு வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரை. சுவர்ப் பெட்டியின் மூடியை ஸ்பூனால் கழற்றியிருந்தார். ஸ்குரூ இரண்டும் நாலாக மடித்த காகிதத்தின்மேல் இருந்தன. இடது கையில் மோதிர விரல் ஒரு கணு குறைச்சல்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். தெரியவில்லை. கண்ணில் லைட் எதுவும் எரியவில்லை.

"சிக்னல் விட்டு எம்புட்டு நேரம்," என்றார். "அந்தப் பக்கம் யாரு நிக்கிறா?"

"தவசி நிக்கிறாண்ணே."

"தவசியா?" கொஞ்சம் யோசித்தார். "அவன் அவசரக்காரன். இன்னிக்குப் பொறுத்து இழுத்தான்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹேமா படியில் உட்கார்ந்து எல்லாம் சொன்னார். அம்மா இறந்ததிலிருந்து அப்பாவுக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்தது. இரண்டு தடவை வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்விட்டார். ஒரு தடவை திருமங்கலத்தில் ஹைவே நடுவில் நின்றிருந்தார். அதனால் பூட்டு. கேட்கிறவர்களிடம் ஹேமாவின் அண்ணன் வீட்டில் இருக்கிறார் என்று சொல்லி வைத்தார்கள். "ஊர் வாய மூட உலைமூடி கிடையாதுல்லண்ணே." அப்புறம்தான் வேட்டியைக் கிழிக்க ஆரம்பித்தார். கிழித்துக் கிழித்துக் கயிறு. மூன்று தடவை பிடுங்கி எடுத்தாயிற்று. எங்கே ஒளித்து வைத்துத் திரிக்கிறாரோ. "மேல ஃபேன் கொக்கி இருக்கு. நான் ஆபீஸ்ல உக்காந்து எப்படிண்ணே வேல பாப்பேன்? அதான் கேமரா. அதுலயும் எதாச்சும் ஆச்சுன்னா, அடுத்த மாசம் ஒரு ஹோம்ல சேத்துடலாம்னு பேசி வச்சிருக்கோம். அங்க கட்டிலோட கட்டிப் போட்டுப் பாத்துப்பாங்களாம்."

நான் அந்தக் கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இதத் தடவிப் பாருங்கம்மா. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே தடிமன். முக்கா இஞ்சு பைப்புக்குள்ள போற தடிமன். ஒட்டுப் போட்ட இடம் பாருங்க, ரெண்டு பக்கமும் சிறுத்திருக்கு. வளைவுல மாட்டக்கூடாதுல்ல. தொங்க நெனைக்கிறவன் வளைவுக்கு யோசிப்பானா? இது கழுத்துக்குத் திரிச்சதில்லம்மா. வயர் இழுக்கத் திரிச்சது. கீழேர்ந்து எவனாச்சும் கம்பி விடுவான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்திருக்காரு."

ஹேமா அந்தக் கயிறு முழுதையும் விரலால் தடவிக்கொண்டே போனார். முடிக்க ரொம்ப நேரம் ஆனது. முரளி ஹெட்போனைக் கழற்றி ஜன்னலில் வைத்தார்.

மத்தியானம் அந்த வேலையை முறையாகச் செய்தோம். கீழே நான், மேலே அவர். கேபிள் சுருளை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு, ஒன்று, மூன்று, அப்புறம் அந்த ஒன்று. முப்பத்தைந்து வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக ஒரு கேபிள் இறங்கி நான் பார்த்ததில்லை. மேலே ஒரு சின்னப் பெட்டி மாட்டினேன், சிக்னல் நாலு கோடும் வந்தது. கேமராவும் வைத்தேன், கேட்ட வேலை வேலைதான். கூடவே கேபிளுக்குப் பக்கத்தில் ஒரு நைலான் கயிற்றையும் பைப்பில் விட்டேன். ஒரு முனை மேலே அவர் கைக்கு, மறுமுனை கீழே படியோரம். "காலையில காபிக்கு முன்னாடி ரெண்டு இழுப்பு விடுங்கம்மா. பதில் வரும்."

வந்தது. ரூம் பூட்டை எடுத்துவிட்டுப் படியடியில் கம்பிக் கதவு போட்டார்கள். ஹோம் பேச்சு நின்றது. தினம் காலையில் ஹேமா இரண்டு இழுப்பார், மேலேயிருந்து மூன்று வரும், அப்புறம் ஒன்று. ஹேமா காபியோடு ஏறிப்போவார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கீழேயிருந்து ஒரு தடவை விட்டுப் பார்ப்பேன்.

ஒரு நாள் முரளி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "கேமராவுல பாத்துட்டே இருக்கேண்ணே. கீழ நாங்க யாருமே இழுக்காதப்பவும் மாமா பதில் விடறாரு. கயித்தப் புடிச்சிட்டு கவனிக்கிறாரு, தலைய ஆட்டறாரு, மூணு விடறாரு. யாருக்குண்ணே விடறாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். தெரியாதுதான்.

மூன்று வருஷம் அப்படி ஓடியது. நான் ஓய்வு பெற்ற மாதம் அவர் போனார். இந்தத் தடவை துட்டிக்குப் போனேன். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஹேமா படியோரம் அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்.

"அன்னிக்குக் காலையில எப்பவும் போல ரெண்டு இழுத்தேண்ணே. மூணு வந்துச்சு. நல்லா, அழுத்தமா வந்துச்சு. அந்த ஒண்ணுக்குக் காத்திருந்தேன். வரல. காபி ஆறிப்போச்சு. மேல போனா, கையில கயித்தச் சுத்திக்கிட்டுப் படுத்திருக்காரு. உடம்பு சில்லுன்னு இருக்கு. டாக்டர் வந்து பாத்துட்டு, உசுரு போயி அஞ்சாறு மணி நேரம் ஆயிருக்கும்ங்கறாரு." முரளி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இவர்கிட்டகூடச் சொல்லல. உங்களுக்குத்தான் சொல்றேன்."

போன வாரம் ஆபீஸ்காரர்களுக்காக அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். மாடி ரூமில் இப்போது முரளியின் கம்ப்யூட்டர் இருக்கிறது. கயிற்றின் மேல்முனை பெட்டிக்கு வெளியே ஒரு முழம் தொங்குகிறது. ஹேமா, "எடுக்கறதுன்னா நீங்களே எடுங்கண்ணே," என்றார். கீழே வந்து கயிற்றைக் கையில் பிடித்தேன். ஒரு சுண்டு சுண்டினால் வந்துவிடும். பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

அதனால் தம்பிகளா, அந்த வீட்டு ஃபைபரை வெளிச்சுவர் வழியாகச் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். முப்பதடி கூடும், கிளிப் கூடும், கூடட்டும். அந்தப் பைப்பைத் தொட வேண்டாம். ஒரு தடவை அவசரப்பட்டு இழுத்தவன் நான்.

மூன்று வந்தாயிற்று. ஒன்று இன்னும் வரவில்லை.